தெலுவார் வீட்டு நிலவறை

தாம் வாயைத் திறந்தால் புதுச்சேரிக் கடலே அலையை நிறுத்திவிட்டுக் காது கொடுக்கும் என்பது சவரிராயனின் கணிப்பு. அன்று அந்த வாய்க்கு உண்மையாகவே ஒரு வேலை வந்திருந்தது. அவருடைய அக்காள் மகன் பிரோஸ்பேர், பிரான்சில் வேலை பார்க்கும் ஊரில் கிளேர் தெலுவார் என்னும் பெண்ணை விரும்பியிருந்தான். பெண் வீட்டாருக்குப் பரம்பரையாகத் திராட்சைத் தோட்டம். ஒயின் செய்வது குலத்தொழில். "சாராயம் காய்ச்சுற வீட்டுல பொண்ணு எடுப்பனா?" என்று அக்காள் திரவியமேரி ஒரே பிடியாக நின்றார். "உங்க அம்மாவ நான் பாத்துக்கிறேன்" என்று, விடுப்பில் வந்திருந்த மருமகனுக்கு வாக்களித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு சவரிராயன் அக்காள் வீட்டுக்கு வந்து அமர்ந்தார்.

"சாராயமாக்கா அது? அந்த வீட்டு மூத்த பாட்டன் வெயில் தாங்காமக் கைத்தடிய மண்ணுல ஊனிட்டு அசந்து தூங்கிட்டாரு. எழுந்து பாக்குறாரு, தடி முழுக்கக் கொத்துக் கொத்தா திராட்சை! அப்படி வந்த தோட்டம்."

அக்காள் கீரை ஆய்வதை நிறுத்தவில்லை. "தடி என்ன மரம்?"

"தேக்கு."

"தேக்குல திராட்சையா?"

"அதான்க்கா அந்த மண்ணு! அங்க யாரும் ரொம்ப நேரம் ஒரே இடத்துல நிக்க மாட்டாங்க. காலு வேர் விட்டுரும்."

அக்காளின் கணவர் இன்னாசி, படித்துக்கொண்டிருந்த செய்தித்தாளைத் தாழ்த்தினார். "பழம் எம்மாம் பெருசு மாப்ள?"

"ஒரு பழத்த நாலு பேர் பல்லக்குல வச்சித் தூக்கணும் மச்சான். ஒருதடவ ஒண்ணு நழுவி, உருண்டு போயி ஆத்துல விழுந்து வெடிச்சிருச்சி. மூணு மாசம் எந்த மீனும் நேரா நீந்தல. போலீசுக்காரன் கரையில நின்னு மீனுக்கெல்லாம் அபராதம் போட்டான்."

"மீனு எப்படிய்யா கட்டிச்சி?"

"செதில் செதிலாத் தவணையில கட்டிச்சி."

கதவருகே நின்ற பிரோஸ்பேர், போதும் என்பதுபோல் இரு கைகளையும் ஆட்டினான். இன்னும் கொஞ்சம் ஏற்றச் சொல்கிறான் என்று சவரிராயன் எடுத்துக்கொண்டார்.

"அவங்க ஒயின் அடுக்கி வைக்கிற நிலவறை நீளம் தெரியுமாக்கா? கிளேரோட கொள்ளுத்தாத்தா கல்யாணத்தன்னிக்கு, விருந்துக்கு நல்லதா ஒரு பாட்டில் எடுத்தாறேன்னு, புதுப் பொண்டாட்டியையும் கூட்டிக்கிட்டு உள்ள இறங்கினாரு. ரெண்டு பேராப் போனவங்க ஒம்பது பேரா வெளிய வந்தாங்க!"

"அதுவரைக்கும் விருந்தாளிங்க?"

"உக்காந்துதான் இருந்தாங்க. பாட்டில் வரணுமில்ல?"

இன்னாசி செய்தித்தாளுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு குலுங்கினார். அக்காள் சிரிக்கவில்லை.

"சம்பந்தி நேத்தே போன்ல பேசிட்டாருடா."

'சம்பந்தி' என்ற சொல் காதில் விழுந்ததும் சவரிராயனுக்கு அடுத்த புளுகு தொண்டையிலேயே நின்றுவிட்டது.

"கான்வென்ட்டுல படிச்ச பிரெஞ்சு எனக்கு இன்னும் மறக்கல. தோட்டம் ஆறே ஏக்கராம். பழம் கோலிக்குண்டு அளவாம். நிலவறையில நிமிந்தா அவருக்கே தலை இடிக்குமாம். போன வருசம் ஆலங்கட்டி மழையில பாதி விளைச்சல் போச்சாம். ஒண்ணையும் மறைக்கல மனுஷன். யோக்கியமான குடும்பம்னு அப்பவே சரின்னுட்டேன்."

சவரிராயன் உடனே சமாளித்தார். "ஆறு ஏக்கர்ங்கிறது வாசல்ல கோலம் போடுற எடம்க்கா. தோட்டம் அதுக்கு அப்பால—"

"நிறுத்து. எனக்கு ஒரே நிபந்தனை. இவன் கல்யாணத்துல நீ வாயத் திறக்கக் கூடாது. திறந்தா, மோதிரம் மாத்துறதுக்கு முன்னாடியே நான் கோயில விட்டுக் கிளம்பிருவேன்."

பிரோஸ்பேர் மாமனைப் பார்த்துக் கைகூப்பினான்.

"இவ்வளவுதானா?" என்று சவரிராயன் நெஞ்சை நிமிர்த்தினார். "பேசாம இருக்கிறதுல என்னை மிஞ்ச ஆளே கிடையாதுக்கா. ஒருதடவ பன்னெண்டு வருசம் தொடர்ந்து வாயே திறக்கல!"

அக்காள் முறத்தைத் தட்டிக் காம்புகளை ஒதுக்கினார்.

"பதிமூணாவது வருசத்த இப்பவே ஆரம்பி."