அக்காவும் தம்பியும் பேசாத நான்கு நாட்கள்

காட்டாற்று மடு ஒன்றில் மினுக்கி என்ற நீர்நாயும் அவள் தம்பி சுழியனும் வாழ்ந்து வந்தார்கள். மினுக்கிக்கு மூன்று குட்டிகள். சுழியன் மீன்களைக் கரைப்பக்கம் விரட்டுவான். மினுக்கி பாய்ந்து பிடிப்பாள். எல்லோருக்கும் வயிறு நிறையும்.

அந்தக் கோடையில் மடு வற்றத் தொடங்கியது.

"அக்கா, இனி இங்கே இருந்தால் பட்டினிதான். கீழே இருக்கும் பெரிய மடுவுக்குப் போய்விடலாம்!" என்றான் சுழியன்.

"வழியெல்லாம் பாறை. குட்டிகளின் கால் பொசுங்கிவிடும். மழை வரட்டும்!" என்றாள் மினுக்கி.

இருவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. ஆனால் பேச்சு தடித்தது.

"நீ சரியான பயந்தாங்கொள்ளி!"

"உனக்கென்று குட்டிகள் இருந்தால்தானே அருமை தெரியும்!"

சுழியனின் முகம் வாடிவிட்டது. நீந்தி அக்கரைக்குப் போனான். ஆனால் அவர்களை விட்டுவிட்டுப் பெரிய மடுவுக்குப் போக அவனுக்கு மனம் வரவில்லை.

அதன்பின் இருவரும் பேசவே இல்லை. சுழியன் விரட்டிய மீன்களைப் பிடிக்க ஆளில்லை. மினுக்கி காத்திருந்த கரைக்கு மீன் வரவில்லை.

"மாமா ஏன் வரவில்லை?" என்று கேட்டது கடைக்குட்டி. மினுக்கி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நான்காம் நாள் காலை அவள் இரை தேடித் தூரம் போயிருந்தாள். குட்டிகள் நீரோரம் விளையாடின. சேற்றிலிருந்து ஒரு முதலை அவற்றை நோக்கி மெல்ல நகர்ந்தது. அக்கரையிலிருந்து சுழியன் பார்த்துவிட்டான்.

"ஓடுங்கள்! பாறைமேல் ஏறுங்கள்!" என்று கத்திக்கொண்டே நீரில் பாய்ந்து குறுக்கே போனான்.

குட்டிகள் தப்பின. சுழியனின் வால்நுனி முதலையின் வாயில் சிக்கியது. எப்படியோ திமிறிக்கொண்டு பாறைமேல் ஏறினான்.

அவன் கத்தியது கேட்டு மினுக்கி பதறி ஓடிவந்தாள். "ஐயோ, ரொம்ப வலிக்கிறதாடா?"

"வலிக்கிறது அக்கா. ஆனால் அன்றைக்கு நீ சொன்னது இதைவிட வலித்தது."

மினுக்கி அவன் காயத்தை நக்கிக்கொடுத்தாள். "நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது."

"நானும்தான்!"

சற்று நேரம் கழித்து மினுக்கி கேட்டாள்: "சரி, பாறைச் சூட்டுக்கு என்ன செய்வது?"

"விடியற்காலையில் கிளம்பினால்? அப்போது பாறை குளிர்ந்திருக்குமே!"

"அட, இதை முதலிலேயே பேசியிருக்கலாமே!"

மறுநாள் வெயில் ஏறுமுன் ஐவரும் பெரிய மடுவில் நீந்திக்கொண்டிருந்தார்கள்.

கருத்து வேறுபட்டால் பேசித் தீர்த்துவிடலாம், ஆனால் கருத்தை விட்டுவிட்டு ஆளைப் புண்படுத்தினால் உறவே பிளந்துவிடும்.