அரக்கில் ஒட்டிய ஏழு கற்கள்

கேளுங்க கண்ணுகளா! பிள்ளையை இடுப்பில் வைத்திருக்கிற அம்மாமார்களும் கொஞ்சம் கிட்ட வாங்க. ஆற்றில் வருஷம் முழுக்கத் தண்ணீர் ஓடிய காலத்தில், நெடுங்கோ என்று ஒரு ராஜா இருந்தான். அவனுக்கு ஒரே மகள், தேன்மலர்.

அந்த நாட்டில் ஒரு வழக்கம். ராஜாவின் பிள்ளைக்கு ஐந்து வயது முடிகிற அன்று, ஊரே பார்க்க, ஏழு கூழாங்கற்களை அது ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் அடுக்காவிட்டால், பட்டம் சித்தப்பன் பிள்ளைக்குப் போய்விடும்.

நாலு வயதில் தேன்மலர் அடுக்கிப் பார்த்தாள். விழுந்தது, அழுதாள். ஆயா வள்ளிக்கொடி ஓடி வந்து அடுக்கிக் கொடுத்தாள். மறுநாளும் விழுந்தது. மறுபடி ஆயாதான் அடுக்கினாள். மூன்றாம் நாள் என்ன செய்தாள் தெரியுமா? அரக்கை உருக்கி ஏழு கல்லையும் ஒட்டியே வைத்துவிட்டாள்!

தூக்கி வைத்தால் நின்றது. "நானே அடுக்கினேன்!" என்று குழந்தை குதித்தது. தூரத்தில் நின்று பார்த்த ராஜாவும் கை தட்டினான். ஒரு வருஷம் இப்படியே போனது.

அந்த நாளும் வந்தது. ஆற்றங்கரையில் ஊரே கூடியது. ஆயா முந்தானையால் மறைத்து நிற்க, தேன்மலர் ஒட்டிய கல்லைத் தூக்கி வைத்தாள். மேளம் முழங்கியது. பூரித்துப்போன ராஜா, கண்ணில் ஒற்றிக்கொள்ள மேல் கல்லை எடுத்தான்.

ஏழும் சேர்ந்து வந்தன!

மேளம் நின்றது.

"அண்ணா, இது அடுக்கா, கொழுக்கட்டையா?" என்று சிரித்தான் ராஜாவின் தம்பி, தேன்மலரின் சித்தப்பன்.

வள்ளிக்கொடி காலில் விழுந்தாள். "பிள்ளை அழுவது பொறுக்கலை மகாராஜா!"

ராஜா வானத்தைப் பார்த்தான். "இன்னும் பொழுது இருக்கு. ஆத்துல வேற கல் எடும்மா."

தேன்மலர் எடுத்தாள், வைத்தாள். மூன்றாவது கல்லில் எல்லாம் சரிந்தது.

"அப்பா, கல் செத்துப்போச்சா?"

வள்ளிக்கொடியின் கை தானாக முன்னே நீண்டது. ராஜா அதைப் பிடித்துக்கொண்டான்.

அப்போது கூட்டத்தில் நின்ற சலவைக்காரர் மகள் காத்தாயி, அவளுக்கும் அதே வயசு, பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து கல்லை அடுக்கி, தானே தட்டிவிட்டாள்.

"கடகடன்னு விழுது பாரு! இதுதான்டி ஜாலி. நீயும் வை!"

தேன்மலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வைத்தாள், விழுந்தது. வைத்தாள், விழுந்தது. தட்டையான பெரிய கல்லைத் தேடி அடியில் போட்டாள். அதுவும் விழுந்தது. எத்தனை தடவை என்று யாரும் எண்ணவில்லை.

சூரியன் தண்ணீரைத் தொடப் போகும் நேரம், ஏழாவது கல் நின்றது.

குழந்தை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, பட்டென்று தட்டிவிட்டாள்!

"ஐயையோ!" என்று அலறினான் ராஜா.

"இருப்பா," என்றாள் தேன்மலர். "இன்னொரு தடவை வைக்கிறேன்."

வைத்தாள். நின்றது. பட்டம் தேன்மலருக்கே என்று மேளம் மறுபடி முழங்க, சித்தப்பன் மெல்ல நழுவினான்.

விளையாட்டில் விழுந்ததைப் பிள்ளையே எடுத்து வைக்கும்வரை நாம் கையைக் கட்டிக்கொண்டு கூடவே இருந்தால்தான், விடாமல் முயலும் குணம் அதற்கு வரும்.