விழாதவனுக்காக நின்றவன்

"உயிரைக் காப்பாத்தினேன், மாஸ்டர். என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டேங்கிறான். நான் அவனுக்கு என்ன கெடுதல் செஞ்சேன்?"

பிரிட்டோ இதைக் கேட்டபோது ரோகிணி பைக்கின் செயினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ரோகிணி அங்கிருந்த பைக் பந்தயத் தடத்தில் பல ஆண்டுகள் ஓட்டியவர். இடுப்பெலும்பு முறிந்தபின் ஓட்டுவதை விட்டுப் பயிற்சியாளர் ஆனார். பிரிட்டோவைவிடச் சில வயதுதான் மூத்தவர். ஆனாலும் அங்கே வண்டி ஓட்டுகிற எல்லோருக்கும் அவர் மாஸ்டர்தான்.

பிரிட்டோ குறைப்பட்டுக்கொண்டது வள்ளிநாயகத்தைப் பற்றி.

போன ஆண்டின் கடைசிப் பந்தயம் மழையில் நடந்தது. வள்ளிநாயகம் முதலில் போய்க்கொண்டிருந்தான். ஒட்டினாற்போலப் பின்னால் பிரிட்டோ. இருவரில் எவன் முந்துகிறானோ அவனுக்கே அந்த ஆண்டின் பட்டம் என்ற நிலை.

ஆறாவது வளைவில் வள்ளிநாயகத்தின் பின்சக்கரம் வழுக்கியது. பைக் அவன் காலை அமுக்கிக்கொண்டு விழுந்தது. பெட்ரோல் ஒழுகியது.

பிரிட்டோ நின்றான்.

பைக்கைத் தூக்கி, அவனை இழுத்துப் புல்தரையில் கிடத்தினான். பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடந்து போனார்கள். பட்டம் மூன்றாவது ஒருவனுக்குப் போனது.

அந்தக் காட்சியை ஊரெல்லாம் கைபேசியில் பார்த்தது. பிரிட்டோவுக்குக் கல்லூரிகளில் பாராட்டு விழா நடத்தினார்கள். ஹெல்மெட் விளம்பரம் ஒன்று வந்தது. தூத்துக்குடியில் அவன் வீட்டுத் தெருமுனையில் ஆளுயர ஃப்ளெக்ஸ் வைத்தார்கள்.

வள்ளிநாயகத்தின் முறிந்த கால் கூடியது. திரும்ப ஓட்ட வந்தான். பிரிட்டோ எதிரே வந்தால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

ரோகிணி எல்லாவற்றையும் கேட்டார். துணியை உதறினார்.

"அவன் எத்தனை தடவை சாம்பியன்?"

"ரெண்டு தடவை."

"இந்த வருஷத்துல யாராவது அதைப் பேசிக் கேட்டியா?"

பிரிட்டோ யோசித்தான். வள்ளிநாயகம் டீக்கடையில் நின்றால்கூட, பிரிட்டோ தூக்கிக் காப்பாற்றினாரே, அந்த ஆள் நீங்கள்தானா என்றுதான் கேட்கிறார்கள். அது பிரிட்டோவுக்கும் தெரியும்.

"அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?" என்றான்.

ரோகிணி மறுபடி செயினைத் துடைக்கத் தொடங்கினார்.

புதிய ஆண்டின் முதல் பந்தயம் வந்தது.

தொடங்குவதற்குமுன் இருவரையும் மேடையில் கட்டித் தழுவச் செய்ய வேண்டுமென்று நடத்துகிறவர்கள் விரும்பினார்கள். பிரிட்டோ சம்மதித்தான். நான் ஓட்ட வந்தவன், தழுவ வந்தவன் அல்ல என்று வள்ளிநாயகம் சொல்லிவிட்டான். கேலரி முழுக்க ஊளையிட்டது. பிரிட்டோ மட்டும் மேடையேறிக் கும்பிட்டான். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அது அவனுக்குப் பிடித்திருந்தது.

அன்றும் வள்ளிநாயகம்தான் முன்னால் போனான். ஆனால் பிரிட்டோவின் வண்டிக்கு அன்று வேகம் கூடுதல். கடைசிச் சுற்றில், அதே ஆறாவது வளைவில், வள்ளிநாயகம் கொஞ்சம் வெளியே தள்ளி அகலமாகப் போனான். உள்பக்கம் இடம் திறந்தது. பிரிட்டோ முன்சக்கரத்தை நுழைத்தான். இரண்டு பைக்குகளுக்கும் நடுவே ஒரு சாண்தான் இருக்கும்.

ஆக்ஸிலரேட்டரைப் பிடித்த கையைத் தளர்த்தினான்.

இரண்டாவதாக வந்தான். கேலரி எழுந்து நின்றது அவனுக்காக. மறுபடியும் பெருந்தன்மை என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். ஜெயித்தவனை யாரும் கவனிக்கவில்லை.

வள்ளிநாயகம் வண்டியை நிறுத்திவிட்டு நேரே பிரிட்டோவிடம் நடந்து வந்தான். விபத்துக்குப் பிறகு அன்றுதான் முதல் தடவை பேசினான்.

"ஏன் கையை எடுத்தே?"

இடம் போதவில்லை, உனக்கு இப்போதுதான் கால் சரியாகியிருக்கிறது, எதற்கு விஷப்பரீட்சை என்று பிரிட்டோ ஏதோ சொன்னான்.

வள்ளிநாயகம் முழுவதும் கேட்டுக்கொண்டான்.

"அன்னைக்கு நான் விழுந்து கிடந்தேன். நின்னே. சரி."

மூச்சு வாங்கியது அவனுக்கு.

"இன்னைக்கு நான் விழலையே."

திரும்பிப் போய்விட்டான். கோப்பையை வாங்கவும் மேடைக்கு வரவில்லை. திமிர் பிடித்தவன் என்று மறுநாள் பத்திரிகைகளில் எழுதினார்கள்.

 அன்று காலையில் பிரிட்டோ ரோகிணியிடம் போய் நடந்ததைச் சொன்னான். அவர் எழுந்து, வா என்று நடக்கத் தொடங்கினார். அவருக்கு இடுப்பு வலி உண்டு. ஆறாவது வளைவுக்குப் போய்ச் சேர நேரமாயிற்று.

தடத்தில் யாரும் இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

"எங்கே கையை எடுத்தே?"

பிரிட்டோ இடத்தைக் காட்டினான்.

"இங்க யார் இருந்தா?"

"அவன் இருந்தான்."

"வேற?"

வேறு யாரும் இல்லை, எங்களுக்குப் பின்னால் யாருமே வரவில்லை என்றான். ரோகிணி நின்றுகொண்டே இருந்தார். அவன் சுற்றிலும் பார்த்தான். வளைவுக்கு நேர் எதிரே கேலரி. வரிசை வரிசையாக நாற்காலிகள். ஒன்றிலும் ஆள் இல்லை.

பிரிட்டோ அதையே வெகுநேரம் பார்த்தான்.

"போலாம், மாஸ்டர்" என்றான்.

அடுத்த பந்தயமும் அதே தடத்தில் நடந்தது. இருவரும் தொடக்கத்திலிருந்தே விடாமல் மோதினார்கள். நேர்ப்பாதையில் பிரிட்டோ முந்தினால் வளைவில் வள்ளிநாயகம் முந்தினான். கடைசிச் சுற்றில் ஆறாவது வளைவுக்கு வள்ளிநாயகம் முதலில் வந்தான். இந்தத் தடவை அவன் அகலமாகப் போகவில்லை. உள்பக்கத்தை அடைத்துக்கொண்டுதான் வந்தான். அடைபடாமல் மிஞ்சியது கொஞ்சம்தான்.

பிரிட்டோ அதில் நுழைந்தான்.

தோளும் தோளும் உரசின. வள்ளிநாயகத்தின் பைக் உதறியது. அவன் ஒரு கால் நழுவி, தடத்தின் ஓரக்கல்லில் ஏறி, எப்படியோ நிமிர்ந்துகொண்டான். விழவில்லை. விரட்டியும் வந்தான். கோட்டைத் தாண்டும்போது பிரிட்டோவின் முன்சக்கரம் சற்றே முன்னால் இருந்தது.

கேலரி பிரிட்டோவைப் பார்த்து ஊளையிட்டது. 

நடுவர்கள் வீடியோவைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்து, விதிப்படி சரி என்றார்கள். அதை யாரும் காதில் வாங்கவில்லை. காப்பாற்றிய கையாலேயே தள்ளினான், வேஷம் கலைந்தது என்று கைபேசிகளில் வந்தபடி இருந்தது. வள்ளிநாயகத்தின் அணி மேலாளர் மேல்முறையீட்டு மனுவைத் தயார் செய்து கொண்டுவந்தார். அவன் கையெழுத்துப் போட மறுத்துவிட்டான்.

மாலையில் கராஜின் பின்புறம் ரோகிணியும் பிரிட்டோவும் பிரியாணிப் பொட்டலங்களைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அழைக்காமலேயே வள்ளிநாயகம் வந்தான். கிடந்த டயர் ஒன்றை இழுத்துப் போட்டு பிரிட்டோவுக்கு எதிரே உட்கார்ந்தான். அவன் தோளில் உரசிய இடம் கன்றிப்போயிருந்தது.

"அங்க இடம் இருக்குன்னு உனக்கு எப்படித் தெரிஞ்சது?"

"தெரியலை."

"அடுத்த தடவை இருக்காது."

"பார்ப்போம்."

வள்ளிநாயகம் ஒரு பொட்டலத்தைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டான். பின்டயரில் காற்று அதிகமாக வைத்துவிட்டேன், இல்லாவிட்டால் நீ நுழைந்திருக்க முடியாது என்றான். காற்று காரணமில்லை, பிரேக்கை முன்னாலேயே பிடித்துவிட்டாய் என்றான் பிரிட்டோ. வள்ளிநாயகம் ஒத்துக்கொள்ளவில்லை. வெங்காயப் பச்சடியைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, வாதாடிக்கொண்டே சாப்பிட்டான்.

இடையில் பிரிட்டோவின் போன் அடித்தது. எழுந்து சற்றுத் தள்ளிப் போய்ப் பேசிவிட்டு வந்தான். ஹெல்மெட் விளம்பரத்திலிருந்து அவனை எடுத்துவிட்டார்களாம். தெருமுனை ஃப்ளெக்ஸை யாரோ கிழித்துவிட்டதாக வீட்டிலிருந்தும் செய்தி வந்திருந்தது.

ரோகிணியின் பக்கத்தில் உட்கார்ந்தான். எதிரே வள்ளிநாயகம் எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பேரு போச்சு, மாஸ்டர்."

ரோகிணி தலை நிமிராமல் கேட்டார்.

"யார்கிட்ட?"