பூந்திக்கொட்டை ஏன் மணப்பதில்லை

அந்தக் காலத்தில் மரங்களுக்கு வாய் இருந்தது. கண் கிடையாது, மூக்கு கிடையாது, வாய் மட்டும் எப்படி வந்தது என்று என்னைக் கேட்காதீர்கள். நம் தெருவிலும் அப்படிச் சிலர் இருக்கத்தான் செய்கிறார்கள். மரம் எதையும் தொட்டுத்தான் தெரிந்துகொள்ளும். இலைதான் அதற்குக் கை.

ஆற்றங்கரையில் ஒரு பூந்தி மரம் நின்றது. அப்போதெல்லாம் பூந்திப் பழம் கருப்பட்டிப் பாகு மாதிரி தித்திக்கும். பழுக்கிற மாதங்களில் அதன் வாசம் அக்கரை வரைக்கும் போகும். கிளி, அணில், குரங்கு எல்லாம் அதன் மேலேயே குடித்தனம் நடத்தின. மரத்துக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான்.

அந்த மரத்தடித் துறையில் உச்சிமாளி துணி வெளுத்தாள். ஊர்த் துணி முழுக்க அவள் கைக்குத்தான் வரும். உவர்மண்ணும் சாம்பல் தண்ணீரும் போட்டுத் துவைத்துத் துவைத்து அவள் உள்ளங்கை வெடித்துக் கிடந்தது. ராத்திரி சோற்றில் குழம்பு ஊற்றிப் பிசைந்தால் சுர்ரென்று எரியும். பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிடுவாள்.

அவளுக்கு ஒரு பெண் குழந்தை, பெயர் வடிவு. பூந்தி மரக் கிளையில் தூளி கட்டி அதில் போட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்குவாள். மரம் தூளியை ஆட்டும். குழந்தை சிணுங்கினால் பழுத்ததாகத் தடவி எடுத்து ஒரு பழத்தை அதன் மடியில் போடும். குழந்தை சப்பிச் சப்பி முகமெல்லாம் பூசிக்கொள்ளும்.

"ஏட்டி பூந்தி, எம் பிள்ளைக்கு நீதான் பாதித் தாய்" என்பாள் உச்சிமாளி.

"பாதி எதுக்கு யக்கா, முக்காலுன்னு சொல்லேன்" என்று மரம் வம்பிழுக்கும்.

இங்கே ஒரு சங்கதி சொல்ல வேண்டும். உச்சிமாளிக்கும் அவள் புருஷனுக்கும் தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு, வெற்றிலைச் சாறு என்று லேசில் போகாத கறை இருந்தால், அந்தத் துணியின் மூலையில் உச்சிமாளி ஒரு முடிச்சுப் போடுவாள். "இதைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்று சொல்லிப் புருஷனிடம் கொடுப்பாள். மற்றதையெல்லாம் போட்டுவிட்டு அவன் முதலில் அதை அடித்து வெளுப்பான். காலை முதல் சாயந்தரம் வரை துறையில் இந்தப் பேச்சுதான். மரமும் அதைக் கேட்டுக்கொண்டே, முடிச்சை இலையால் தொட்டுத் தெரிந்துகொண்டே நின்றது.

ஐப்பசி அடைமழையில் வடிவுக்குக் காய்ச்சல் வந்தது. கஷாயம் கொடுத்தார்கள், மஞ்சள் துணியில் காசு முடிந்து சாமிக்கு நேர்ந்துகொண்டார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. குழந்தை போய்விட்டது.

மழை விட்டதும் உச்சிமாளி துறைக்கு வந்தாள். வராமல் எப்படி? ஊர் அழுக்கு யாருக்காகவும் காத்திருக்குமா? தூளி கட்டுகிற கிளையை அவள் நிமிர்ந்து பார்க்கவே இல்லை. மரம் "யக்கா" என்று கூப்பிட்டது. அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே துவைத்தாள்.

ஆனால் அவள் இடுப்பில் எப்போதும் ஒரு துணி இருந்தது. வடிவைக் கடைசியாகச் சுற்றி வைத்திருந்த பழைய சேலைத் துண்டு அது. வசம்பு, நல்லெண்ணெய், கக்கிய பால், எச்சில் எல்லாம் கலந்து அதில் வடிவின் வாசம் இருந்தது. காற்றில் போய்விடக் கூடாதென்று அதைச் சுருட்டி இறுக்கி முடிந்திருந்தாள். யாரும் பார்க்காத நேரம் முடிச்சில் மூக்கை வைத்து ஒரு முறை மோந்துகொள்வாள். பிறகு மறுபடி வேலை. ஊருக்கெல்லாம் வெளுக்கிறவள் அந்த ஒன்றை மட்டும் தண்ணீரில் காட்டவில்லை. இது அவள் கழுதைக்குத் தெரியும். மூட்டை சுமந்து கூடவே நடக்கிறதல்லவா? மூக்கில்லாத மரத்துக்கு எப்படித் தெரியும்?

மரம் வேறு கவலையில் இருந்தது. ஒருநாள் ஆற்றிடம் கேட்டது: "ஆத்தா, எங்க அக்கா கை எரியாம வெளுக்க ஒரு வழி சொல்ல மாட்டியா? பிள்ளையைத்தான் என்னால காப்பாத்த முடியல. கையையாச்சும் ஆத்தணும்."

ஆறு கொஞ்ச நேரம் சலசலத்தது. "வழி இருக்கு. உன் தித்திப்பு பூராவையும் விட்டுக்கொடுத்தா அது நுரையா மாறும். அழுக்கு ஓடிப்போகும், கை எரியாது. ஆனா போன தித்திப்பு திரும்பி வராது. ஒரு கிளி உம் பக்கம் எட்டிப் பாக்காது. யோசிச்சுக்கோ."

"வடிவு தின்னாத பழம் தித்திச்சா என்ன, கசந்தா என்ன?" என்றது மரம். அன்றே சம்மதம் சொல்லிவிட்டது. ஆனால் உச்சிமாளியிடம் மூச்சுவிடவில்லை. அவளாக ஒரு வேலை சொல்லட்டும், அப்போது செய்துகாட்டி அசத்திவிடலாம் என்று ஆசை.

மறுநாள் வெயில் பார்த்து மணலில் துணி விரித்திருந்தாள் உச்சிமாளி. திடீரென்று மேற்கே கறுத்துக்கொண்டு வந்தது. புருஷன் ஊருக்குள் போயிருந்தான். அத்தனையையும் அவள் ஒருத்தி அள்ள வேண்டும். குனிந்து ஓடும்போது இடுப்புத் துணி நழுவி ஈரத்தில் விழுந்துவிட்டால்? அவசரமாக அதை உருவிப் பூந்தி மரக் கவட்டில் வைத்தாள்.

"ஏட்டி பூந்தி, இதைக் கொஞ்சம் பாத்துக்கோ" என்றாள். ஓடினாள்.

எத்தனை நாள் கழித்து வாய் திறந்து பேசியிருக்கிறாள்! மரம் பூரித்துப் போனது. இலையால் தடவியது. முடிச்சு தட்டுப்பட்டது. அட, லேசில் போகாத கறை! அக்கா தன்னை நம்பி அல்லவா கொடுத்திருக்கிறாள்? கேட்டிருக்கலாம். ஒரு வார்த்தை, "இது என்ன துணி யக்கா" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லையே!

மரம் தன் பழங்களையெல்லாம் துறைக் குட்டையில் உதிர்த்தது. கிளையை வளைத்துத் துணியை நீரில் அமுக்கியது. தித்திப்பெல்லாம் கரைந்து வெள்ளை வெள்ளையாய் நுரை பொங்கியது. முடிச்சு இறுகிக் கிடந்தது. மரம் விடவில்லை. மெல்ல மெல்ல நுரை உள்ளே இறங்கி, முடிச்சு வழுக்கி அவிழ்ந்தது. அலசி, பிழிந்து, கிளையில் போட்டுவிட்டுக் காத்திருந்தது.

உச்சிமாளி மூச்சு வாங்க வந்தாள். கிளையில் அந்தத் துண்டு பளீரென்று ஆடியது. அவள் தொழிலில் அப்படி ஒரு வெள்ளையை அவளே பார்த்ததில்லை. எடுத்தாள், முகத்தில் வைத்தாள். இழுத்து இழுத்து மோந்து பார்த்தாள். ஆற்றுத் தண்ணீரின் வாடையும் பூந்திப் பழ வாசமும்தான் வந்தது.

"யக்கா, நல்லா வெளுத்திருக்கா?" என்று ஆசையாய்க் கேட்டது மரம்.

திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் முகத்திலிருந்து துண்டை எடுத்து நீவி மடித்தாள். பிறகு, "நல்லா வெளுத்திருக்கு பூந்தி" என்றாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு மழையில் நனைந்தபடி நடந்தாள். குடத்துக்குள்ளிருந்து வருகிற மாதிரி ஒரு அழுகைச் சத்தம் கரையெல்லாம் கேட்டது.

மரத்துக்குப் புரியவில்லை. "ஏன் அழுறா? இன்னும் கறை இருந்துச்சா?" என்று கழுதையைக் கேட்டது.

"அடி பாதகத்தி!" என்றது கழுதை. "அது கறை இல்லடி, வடிவு. அவ பிள்ளையில மிச்சம் இருந்தது அந்த வாசம் ஒண்ணுதான். அதைத்தான நீ அலசி ஆத்துல விட்டுட்ட?"

"வாய் இருந்தும் கேக்காமப் போனேனே! இனி எனக்கு இந்த வாய் எதுக்கு?" என்றது மரம். அதுதான் அது பேசிய கடைசிப் பேச்சு. அதைக் கேட்டு மற்ற மரங்களும் வாயை மூடிக்கொண்டன.

அடுத்த பருவத்தில் பூந்தி தன் பழங்களை உச்சிமாளியின் காலடியில் உதிர்த்தது. அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு குனிந்து மடியில் பொறுக்கிக்கொண்டாள். பழத்தில் தித்திப்பு இல்லை, அக்கரை வரை போன அந்த வாசமும் இல்லை. நுரை மட்டும் வந்தது. அவள் கை ஆறியது. ராத்திரி குழம்புச் சோறு எரியவில்லை. எரியாத சோற்றையும் அவள் அழுதுகொண்டேதான் தின்றாள்.

அன்று முதல்தான் பூந்திக்கொட்டை கசக்கிறது, தண்ணீரில் போட்டால் நுரைக்கிறது, பட்டுச் சேலையைக்கூடச் சாயம் போகாமல் பயந்து பயந்து அலசுகிறது. அலசிய துணியை மோந்து பாருங்கள், ஒரு வாசமும் இருக்காது. வடிவின் வாசம் இருந்த இடத்தில் தன் வாசத்தை வைக்க அந்த மரத்துக்கு இன்றைக்கும் மனசு வரவில்லை.