ஆள் இல்லாத இருக்கை

ஆலங்காயத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கும் இடத்தில் திலகவதி அம்மை இருந்தார். வயது நாற்பதுதான். தேடி வருகிறவர்களோ பெரும்பாலும் அவரைவிட மூத்தவர்கள். அம்மை உபதேசம் செய்து யாரும் கேட்டதில்லை. வாய்விட்டுக் கேட்டவர்களுக்கு ஏதாவது ஒரு வேலை சொல்லி அனுப்புவார்.

தெய்வநாயகம் வாணியம்பாடிக்காரர். லேத் பட்டறையை மைத்துனனிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டோடு இருந்தார். பொழுது போகவில்லை. கணினியில் போக்கர் ஆடப் பழகினார். பழகிய பிறகு பொழுதே கிடைக்கவில்லை. அமாவாசை தோறும் அம்மையிடம் வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போவார்.

ஒரு அமாவாசையன்று வாய் திறந்தார்.

"அம்மா, நான் சீட்டாடறேன்."

"தெரியும்."

"யார் சொன்னாங்க?"

"உங்க ஆள்காட்டி விரல்தான். சும்மா உட்கார்ந்திருக்கும்போதும் தொடையைத் தட்டிக்கிட்டே இருக்கு."

தெய்வநாயகம் விரலை மடக்கிக்கொண்டார்.

"பெரிய ஆட்டம் இல்லைம்மா. ஜெயிச்சா ஒரு பிரியாணி, தோத்தா ஒரு டீ. குடும்பம் கெடற மாதிரி ஒண்ணும் இல்லை."

"அப்புறம் என்ன?"

"ஜெயிச்ச அன்னைக்குக் கால் தரையில நிக்க மாட்டேங்குது. தோத்த அன்னைக்குச் சோறு இறங்க மாட்டேங்குது. நான் ஒழுங்காத்தான் ஆடறேன். கடைசிச் சீட்டுல எவனோ ஒரு கிறுக்கன் வந்து வாரிக்கிட்டுப் போயிடறான். காலையில ராஜா, சாயங்காலம் பிணம். இந்த வயசுல தாங்கலை."

"விட்டுடலாமே."

"விட மனசு வரலை." அவர் சற்றுத் தயங்கினார். "ஏத்தம் இறக்கம் ரெண்டும் என்னைத் தொடக் கூடாது. அப்படி ஆட ஒரு வழி சொல்லுங்கம்மா."

அம்மை முறத்தில் இருந்த துவரையை ஒருமுறை புடைத்தார். தூசி பறந்து அடங்கியது.

"நாளைக்கு உச்சி நேரத்துல ஆட்டம் உண்டா?"

"உண்டு. போட்டி ஆட்டம். நிறைய பேர் சேருவோம். பந்தயம் கட்ட ஆளுக்குக் கொஞ்சம் சில்லு தருவாங்க. சில்லு தீர்ந்தவன் வெளியே போகணும். கடைசி வரைக்கும் நிக்கற சில பேருக்குப் பரிசு."

"சேருங்க. கம்ப்யூட்டர் முன்னாடி போய் உட்காருங்க. ஆட்டத்தை மட்டும் தொடாதீங்க."

"தொடாம எப்படிம்மா ஆடறது?"

"நீங்கதானே கேட்டீங்க."

மறுநாள் உச்சி வெயிலில் தெரு வெறிச்சோடிக் கிடந்தது. நாய்கூட இல்லை. தெய்வநாயகம் கணினி முன்னால் உட்கார்ந்து, ஆட்டத்தில் சேர்ந்து, இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டார்.

திரையில் பச்சை மேசை. சுற்றிலும் இருக்கைகள். ஓர் இருக்கையில் 'நாயகம்' என்று அவர் பெயர். சீட்டு வந்தது. அவர் தொடவில்லை. நேரம் ஓடித் தீர்ந்தது. இயந்திரமே அவர் சீட்டைக் கவிழ்த்து அந்தச் சுற்றிலிருந்து அவரை விலக்கியது. பெயருக்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு வரி முளைத்தது: ஆள் இல்லை.

அவருக்குச் சிரிப்பு வந்தது. இங்கேதானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

ஆட்டம் நடந்தது. முறை வரும்போதெல்லாம் கட்டாயப் பந்தயத்துக்கான சில்லை இயந்திரம் அவர் குவியலிலிருந்து கிள்ளி எடுத்துக்கொண்டது. சீட்டு வந்தது, கவிழ்ந்தது. வந்தது, கவிழ்ந்தது. ஒருமுறை இரண்டு ஏஸ் வந்தன, ஆட்டத்திலேயே பெரிய ஜோடி. அதற்காக அவர் நாள்கணக்கில் காத்திருந்தது உண்டு. விரல் துடித்தது. இன்னொரு கையால் அதைப் பிடித்துக்கொண்டார். இரண்டு ஏஸும் எல்லாச் சீட்டையும் போலவே கவிழ்ந்தன.

மற்றவர்கள் ஒருவரோடொருவர் மோதி ஒவ்வொருவராக விழுந்தார்கள். ஆள் இல்லாத அந்த இருக்கை மட்டும் விழவில்லை. தேய்ந்துகொண்டே இருந்தது.

மேசையில் 'ஒற்றைப்பனை' என்று ஒருவர் இருந்தார். முகம் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் இரண்டு வருடமாக இருவரும் ஒரே மேசைகளில் ஆடுகிறவர்கள். திரையோரத்து அரட்டைப் பெட்டியில் அவர் எழுதினார்.

"அண்ணே, இருக்கீங்களா?"

தெய்வநாயகம் படித்தார். கைகள் மடியிலேயே இருந்தன.

"நெட் போயிருக்கும்," என்று வேறொருவர் எழுதினார்.

"இல்லப்பா. இவரு அப்படி விட்டுட்டுப் போற ஆள் இல்ல. அண்ணே?"

"மண்டையைப் போட்டிருப்பாரு. நல்லதுதான். சீக்கிரம் சுத்துங்க, அவரு சில்லைப் பங்கு போட்டுக்கலாம்."

கீழே சிரிக்கும் பொம்மைகள் வரிசையாக வந்தன. அதன் பிறகு யாரும் அவரைப் பற்றிப் பேசவில்லை. அவர் குவியலிலிருந்து சில்லு போய்க்கொண்டிருந்தது. எடுத்தவர்கள் அந்த இருக்கையே இல்லாதது போல ஆடினார்கள்.

தனக்குக் கோபம் வரும் என்று தெய்வநாயகம் எதிர்பார்த்தார். வரவில்லை. ஏஸ் போனபோது துடித்த விரலும் இப்போது அடங்கிக் கிடந்தது. உள்ளே எதுவும் ஏறவில்லை, இறங்கவில்லை. இதுதான் நான் கேட்டது என்று தோன்றியது. தோன்றிய மறுகணம் முதுகுத்தண்டு சில்லிட்டது.

பின்னால் காலடி கேட்டது. பூங்கோதை. அவர் மனைவி.

"சாப்பிட வரலியா?"

அவர் திரும்பவில்லை.

"என்னங்க, உங்களைத்தான்."

பதில் தொண்டை வரைக்கும் வந்தது. வாயைத் திறந்தால் பிடித்து வைத்திருப்பது கலைந்துவிடும் போலிருந்தது. இன்னும் கொஞ்சம் போகட்டும் என்று இருந்தார்.

பூங்கோதை பக்கத்தில் வந்தாள். மடியில் கிடந்த கைகளைப் பார்த்தாள். இமைக்காத கண்களைப் பார்த்தாள். பிறகு மெல்லக் குனிந்து, புறங்கையை அவர் மூக்கருகே கொண்டுவந்து வைத்தாள்.

அவர் மூச்சு அவள் தோலில் பட்டுத் திரும்புவது அவருக்கே தெரிந்தது. அப்போதும் அவர் அசையவில்லை.

அவள் கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு உள்ளே போனாள்.

திரையில் ஒற்றைப்பனை தோற்று வெளியேறினார். அவர் இருக்கை காலியானது. மிஞ்சியிருந்த எல்லாரும் பரிசுக்கு உரிய இடத்துக்கு வந்துவிட்டார்கள். 'வாழ்த்துகள் நாயகம்' என்று எழுத்து மின்னியது. தெய்வநாயகம் விழித்திருந்து, கணக்குப் போட்டு, பல்லைக் கடித்து ஆடிய எந்தப் போட்டி ஆட்டத்திலும் அந்த இடத்துக்குப் போனதில்லை.

எழுந்து அடுக்களைக்குப் போனார். பூங்கோதை தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரே ஒரு தட்டு இருந்தது. அவர் வாசலில் நின்றார். அவள் நிமிரவில்லை. அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட நினைத்தார். நிமிராமலே இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் கூப்பிடவில்லை.

சட்டையை மாட்டிக்கொண்டு ஆலங்காயம் பஸ் ஏறினார்.

அம்மை வாசலில் துவரையைக் காயவைத்துக்கொண்டிருந்தார்.

"தொடாம ஆடினேன்மா."

"என்ன ஆச்சு?"

"ஜெயிச்சேன். இல்லை, நான் ஜெயிக்கலை. அந்த இருக்கை ஜெயிச்சுது."

"ஏத்தம் இறக்கம்?"

"ரெண்டும் தொடலை."

"கேட்டது கிடைச்சுதே."

தெய்வநாயகம் தரையில் உட்கார்ந்தார்.

"பயமா இருக்கும்மா."

"எதுக்கு?"

"எல்லாம் நடக்குது. சீட்டு வருது, போகுது. ஜனங்க பேசறாங்க, சிரிக்கறாங்க. என் பேரு அங்கேயே இருக்கு. நான் மட்டும் இல்லை. பார்த்துக்கிட்டு இருக்கேன், ஆனா இல்லை."

அம்மை துவரையைக் கையால் பரப்பினார்.

"யாராவது கூப்பிட்டாங்களா?"

"ஒருத்தர் கூப்பிட்டாரு. ஒற்றைப்பனைன்னு பேரு. இருக்கீங்களான்னு கேட்டாரு."

"அவர் மட்டும்தானா?"

தெய்வநாயகம் ஒரு துவரையை எடுத்து விரலில் உருட்டினார்.

"பூங்கோதை கூப்பிட்டா. மூக்குல கை வச்சுப் பார்த்தா."

"என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலை. தொடக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அம்மை தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தார்.

"ஆட்டத்தைத் தொடாதீங்கன்னுதான் சொன்னேன், ஐயா."