செங்காதுக் கிடாவுக்குக் கருமாதி

வெள்ளந்திப்பட்டிக்காரர்கள் சொன்ன சொல் தட்டாதவர்கள். அவர்களிடம் உள்ள ஒரே கோளாறு அதுதான்.

அந்த ஊர் ஒச்சப்பனிடம் ஒரு செங்காதுக் கிடா இருந்தது. அந்த இனத்தில் உலகத்திலேயே மிச்சம் அது ஒன்றுதான். ஒச்சப்பனுக்கு அது பெற்ற பிள்ளை மாதிரி. கால்நடை டாக்டரம்மா வந்து, அதன் காதில் மிளகளவு சதை எடுத்து, புகை கக்கும் குளிர்க்கலத்துக்குள் போட்டு மூடினார்.

"இந்தத் துணுக்குக்குள்ள முழுக் கிடாவும் இருக்கு. கிடா செத்தாலும் இதை வச்சு மறுபடி உண்டாக்கிடலாம். புதன்கிழமை வண்டியோட வந்து எடுத்துக்கிறேன். மூடியை மட்டும் திறந்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒச்சப்பன் கலத்தைத் தொட்டுப் பார்த்தார். ஜில்லென்றிருந்தது. உடனே கம்பளி போர்த்தினார். மனைவி பேச்சி அகத்திக்கீரை கொண்டுவந்து மூடிமேல் வைத்தாள். மூன்று நாளாகியும் கீரை குறையவில்லை.

"உள்ள மூச்சு முட்டுதோ என்னவோ," என்று கலங்கினார் ஒச்சப்பன்.

"மூடியத் திறக்கக் கூடாதுன்னுதானே மச்சான் சொன்னாக? பக்கத்துல ஓட்டை போடக் கூடாதுன்னு சொல்லலையே," என்றான் பேச்சியின் தம்பி மொக்கையன்.

ஆணியும் சுத்தியலும் வந்தன. ஓட்டை விழுந்ததும் வெள்ளைப் புகை குபுகுபுவென்று கிளம்பியது. "அப்பாடா, மூச்சு விடுது!" என்று மூவரும் மகிழ்ந்தார்கள். அரை மணியில் புகை நின்றது.

"ஐயோ, மூச்சு நின்னுபோச்சே!" ஒச்சப்பன் தரையில் விழுந்து புரண்டு அழுதார். கதை சொல்கிற எனக்கே பாவமாக இருக்கிறது.

புதன்கிழமை கருமாதி. ஊரையே அழைத்தாயிற்று. கறிக்கு ஆடு வேண்டுமே?

"கொட்டில்ல ஒண்ணு சும்மாதானே நிக்குது," என்றாள் பேச்சி, கண்ணைத் துடைத்தபடி.

அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தபோது டாக்டரம்மாவின் வண்டி வந்து நின்றது.

"ஐயையோ, வெட்டாதீங்க! அதுதான் கடைசிக் கிடா!"

"கடைசிக் கிடா திங்கக்கிழமையே போய்ச் சேந்துருச்சும்மா," என்று விம்மினார் ஒச்சப்பன். "இது அதோட கருமாதிக்குக் கறி."

டாக்டரம்மா கிடாவைக் கட்டிப்பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார்.

இங்கே பந்தியில் இலை போட்டாயிற்று. அடுப்பில் அண்டா கொதிக்கிறது. கறி இல்லை. மூவரும் ஓட்டைக் கலத்தைச் சுற்றி உட்கார்ந்து யோசித்தார்கள். மொக்கையனுக்குத்தான் பளிச்சென்று பட்டது.

"இதுக்குள்ள முழுக் கிடா இருக்குன்னு அந்தம்மாதானே சொன்னாக?"

மூடியைத் திறக்கக் கூடாதாகையால், ஓட்டை வழியாகவே உலுக்கித் துணுக்கை வெளியே எடுத்தார்கள். அண்டாவில் போட்டு, ஒரு படி மசாலாவும் கொட்டினார்கள். ஊரே வந்து, மறுசோறு வாங்கிச் சாப்பிட்டு, ஏப்பம் விட்டது.

எல்லோருக்கும் திருப்திதான். தலைக்கறியை யார் தின்றது என்ற பஞ்சாயத்து மட்டும் இன்னும் முடியவில்லை.