வாய் திறக்காத தூதன்

முன்னொரு காலத்தில் நடந்ததாகத்தான் நான் கேட்டேன். கேட்டதைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறேனா என்று எனக்கே சந்தேகம். ஆற்றின் பெயர் மறந்துவிட்டது. அரசரின் பெயரும் அப்படியே. மருதப்பன் என்ற விகடகவி அந்த நாட்களில் பயந்துபோயிருந்தான் என்பது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

இரண்டு நாடுகளுக்கு நடுவே அந்த ஆறு. வெள்ளம் வடிந்ததும் நடுவில் ஒரு மணல்திட்டு தலைகாட்டும். கோடையில் இரு கரைக்காரர்களும் அதில் வெள்ளரியும் தர்ப்பூசணியும் போடுவார்கள். ஒரு வருஷம் திட்டு இக்கரைப் பக்கமாகச் சற்று ஒதுங்கி எழுந்தது. உடனே இக்கரை அரசர் அது முழுவதும் தம்முடையது என்றார். அக்கரை அரசர் மழவராயர், போன வருஷம் தம் பக்கம் இருந்ததே என்றார். சமாதானம் பேச இங்கிருந்து போன தூதர், மழவராயரின் பாட்டனார் தோற்றோடிய கதையை அவர் சபையிலேயே அரை நாள் சொல்லிவிட்டுத் திரும்பினார். அதற்குப் பிறகு இரு கரையிலும் போர்ப்படகுகளின் விரிசல்களை அடைத்துக் கீல் பூச ஆரம்பித்தார்கள்.

"போகிறவனெல்லாம் பேசிக் கெடுக்கிறான்," என்று அரசர் சலித்துக்கொண்டார். "பேசாமல் காரியம் முடிக்கிற தூதன் ஒருவன்கூட நம்மிடம் கிடையாதா?"

தளபதி சேதுராயருக்கு மருதப்பனைக் கண்டாலே ஆகாது. "இருக்கிறாரே, அரசே. நம் விகடகவி. இங்கே இவ்வளவு பேசுகிறவர் அங்கே கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும்."

அரசருக்கு அது பிடித்துவிட்டது. "மருதப்பா, நீ போ. மழவராயரிடமிருந்து சமாதான ஓலை வர வேண்டும். அங்கே நீ வாயைத் திறக்கக் கூடாது. திறந்தால் தலை போகும். ஓலை இல்லாமல் திரும்பினாலும் போகும்."

"கையால் சைகை காட்டலாமா, அரசே?"

"கூடாது," என்று தளபதி முந்திக்கொண்டார். "எழுதிக் காட்டவும் கூடாது. சாட்சிக்கு எழுத்தர் தத்தன் கூடவே வருவார்."

முதல் நாள் மழவராயர் சபையில் மருதப்பன் வணங்கிவிட்டு உட்கார்ந்தான். தத்தன் தூது முத்திரையை நீட்டினான். "உங்கள் அரசர் என்ன சொல்லி அனுப்பினார்?" என்று மழவராயர் கேட்டார். மருதப்பனின் நாக்கு பல்லுக்குப் பின்னால் துடித்துக்கொண்டிருந்தது. சொல்வதற்கு நூறு விஷயம் இருந்தது. அவன் எதிரே இருந்த தூணைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவனைவிட அந்தச் சபைதான் அதிகம் தவித்தது. ஒரு மந்திரி, "இவன் போர் அறிவிக்க வந்திருக்கிறான். கெஞ்ச வந்தவன் இப்படி உட்காரமாட்டான்," என்றார். இன்னொருவர் பதறிப்போய், "நம் படை முழுவதும் மலைநாட்டு எல்லையில் நிற்பது இவனுக்குத் தெரிந்துவிட்டது. அதுதான் இந்த அலட்சியம்," என்றார். மழவராயர் அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் சபை அடங்கியது. தத்தனின் காது மட்டும் நிமிர்ந்தது.

இரண்டாம் நாளும் அப்படியே போயிற்று. மூன்றாம் நாள் மழவராயர் மந்திரிகளை வெளியே அனுப்பினார். திட்டில் விளைந்த தர்ப்பூசணி ஒன்றை வரவழைத்து, தாமே அறுத்து ஒரு கீற்றை மருதப்பனிடம் நீட்டினார். அவன் வாங்கித் தின்றான். அவரும் தின்றார். தத்தன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"எனக்கு மணல்மேல் கோபமில்லை," என்றார் மழவராயர் கடைசியில். "என் பாட்டனாரைச் சொன்னார்களே, அதற்குத்தான் கோபம். என் குடிகள் ஐம்பது வீட்டார் அங்கே விதைத்திருக்கிறார்கள். இந்தக் கோடை அவர்கள் அறுத்துக்கொண்டு போகட்டும். இனி ஒவ்வொரு வருஷமும் இரு கரை ஓடக்காரர்களும் சேர்ந்து கோலை விட்டு ஆழம் பார்க்கட்டும். ஆழமான நீரோட்டம் எங்கே ஓடுகிறதோ அதுவே எல்லை. திட்டு அதற்கு எந்தப் பக்கம் கிடக்கிறதோ அந்தக் கரைக்குச் சொந்தம். உங்கள் அரசர் இதை ஏற்பாரா?"

மருதப்பன் தலையைக்கூட அசைக்கவில்லை. மழவராயர் பெருமூச்சு விட்டு, ஓலையைத் தாமே எழுதி முத்திரையிட்டார்.

இக்கரைச் சபையில் ஓலையைப் படித்து முடிப்பதற்குள் தளபதி எழுந்தார். "அரசே, அவர்கள் படை மலைநாட்டு எல்லையில் நிற்கிறது. தத்தன் காதாலேயே கேட்டிருக்கிறார். கரை காலி. இப்போது போய் ஓலை எதற்கு?"

அரசர் மருதப்பனைப் பார்த்தார். "இங்கே நீ பேசலாம்."

"மலைநாட்டார் நமக்கும் நண்பர்கள் இல்லை, அரசே. அவர்களை மூன்று தலைமுறையாக மழவராயர் வம்சத்தார் தம் செலவில், தம் ஆட்களைப் பலிகொடுத்துத் தடுத்துவைத்திருக்கிறார்கள். அவரை நாம் சாய்த்துவிட்டால் அந்த எல்லையில் யார் போய் நிற்பது? தளபதியார் குடும்பத்தோடு அங்கே குடிபோகச் சம்மதம் என்றால் எனக்கு ஆட்சேபணை இல்லை."

தளபதி குனிந்து வாளின் உறையைச் சரிசெய்தார். அரசர் ஓலையைக் கையில் வாங்கி மறுபடியும் பார்த்தார். பிறகு, "ஓலையை ஏற்கிறேன்," என்றார்.

"ஏற்றுக்கொள்ளுங்கள், அரசே," என்றார் சேதுராயர். "ஆனால் இவர் அங்கே வாயைத் திறந்தார். பழம் தின்றார். திறந்தால் தலை போகும் என்பது உங்கள் ஆணை. தத்தன் சாட்சி."

சபை மருதப்பனின் கழுத்தைப் பார்த்தது. அவனுக்கும் அங்கேதான் வியர்த்தது.

"திறந்தது உண்மை, அரசே. அது திட்டில் விளைந்த பழம். திட்டு தங்களுடையது என்று தாங்களே சொல்லியிருக்கிறீர்கள். அதை எதிரி அறுத்து நீட்டும்போது நான் வாயை மூடிக்கொண்டிருந்தால், நம்முடைய பழத்தை நாமே வேண்டாம் என்றதாக ஆகாதா? தங்கள் உரிமையைக் காப்பாற்றத் திறந்தேன். வெளியே என்ன வந்தது என்று தத்தனைக் கேளுங்கள்."

"விதை மட்டும்தான், அரசே," என்றான் தத்தன். "ஒன்று என்மேல் விழுந்தது."

அரசர் சிரிக்க ஆரம்பித்தவர் நிறுத்துவதற்குச் சிரமப்பட்டார். தம் தோளில் கிடந்த பட்டுச் சால்வையை எடுத்து மருதப்பனுக்குப் போர்த்தினார்.

இக்கரை அரசரும் மழவராயரும் கடைசிவரை நேரில் சந்தித்ததில்லை; இருவரும் முதுமையில், படுக்கையில் இறந்தார்கள். சேதுராயர் ஒரு போரும் காணாமல் ஓய்வு பெற்றார். தத்தன் தலைமை எழுத்தர் ஆனான். ஆண்டுதோறும் ஆழம் பார்க்கும் நாளுக்கு அதே தூதர்தான் வர வேண்டும் என்று மழவராயர் கேட்டுக்கொண்டதால், மருதப்பன் பதினொரு கோடை அக்கரைக்குப் போய்வந்து, பன்னிரண்டாம் கோடைக்கு முன் காய்ச்சலில் போய்ச்சேர்ந்தான். அவன் குரல் எப்படியிருக்கும் என்று அக்கரையில் ஒருவருக்கும் தெரியாது.